ஏழாம் அத்தியாயத்தின் வாசகர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பதினெட்டு நிமிடம். வாசகமேடையில் நான் முதலில் பார்த்தது ஒரு மஞ்சள் துப்பட்டா. மைக்கை எப்படித் தாழ்த்துவது என்று தெரியாமல் ஒரு இளம்பெண் அதன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். மைக் கிறீச்சிட்டது. முன்வரிசையில் ஒருவர் எழுந்துபோய்த் திருகிவிட்டு வந்தார். பிறகு அந்தப் பெண் இரண்டாம் வாசகத்தை வேகமாகப் படித்துவிட்டு இறங்கினாள்.

அது என் அக்காவின் முறை. அக்கா எனக்கு மூன்று வரிசை முன்னால், தூணை ஒட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் இருப்பவளாகத் தெரியவில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசையின்போது மேடையேறி வேதப் பகுதியைப் படிக்கிறவரை வாசகர் என்போம். ஒரு ஞாயிறுக்கு இரண்டு பேர், பன்னிரண்டு பேர் முறை வைத்து. அக்கா இருபத்தொன்பது வருடமாக வாசகர். தன் முறைக்கு முந்தின சனிக்கிழமை மாலை, சமையலறையில் நின்று, கோயில் வாராவாரம் அச்சிடும் பங்கு மடலில் பென்சிலால் நிறுத்தக்குறி போட்டு மூன்று தடவை உரக்கப் படித்துப் பார்ப்பாள். ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தியவள். ஓய்வுபெற்ற பிறகு, ஒரு கூட்டம் அமைதியாக இருந்து அவள் குரலைக் கேட்கும் இடம் அந்த மேடை ஒன்றுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில் கடற்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். அடையாற்றிலிருந்து நான் ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் வந்து, பூசை கண்டு, அவள் வீட்டில் ஆப்பம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன்.

அன்று ஆப்பம் சாப்பிடும்போது ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டாமா என்றாள். தேங்காய்ப்பாலை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அவள் பொய் சொல்லும்போது தட்டில் ஏதாவது வந்து விழும்.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். என் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம்.

நான் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். மற்றவர்கள் எழுதியதில் தேதியும் ஊரும் சரியா என்று பார்ப்பது என் வேலை. வேலையில் இருக்கும்போதே ஒரு வலைப்பூ ஆரம்பித்து, வீட்டில் நடந்தவற்றைக் கொஞ்சம் சிரிப்பாக எழுதிவந்தேன். பதினொரு வருடத்தில் சேர்ந்தவற்றில் நல்லதாக இருபத்திரண்டைப் பொறுக்கி ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போட்டார். ஏழாம் அத்தியாயத்தை மட்டும் புத்தகத்துக்காகத் திருத்தி விரித்து எழுதினேன்.

அதில் முக்கியமானது இதுதான். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, அக்கா இரண்டாம் வாசகம் படிக்க ஏறினாள். திருத்தூதர்கள் சபைகளுக்கு எழுதிய கடிதங்களைத் திருமுகம் என்று சொல்வது வழக்கம். ‘திருத்தூதர் எழுதிய முதல் திருமுகத்திலிருந்து வாசகம்’ என்று அவள் தொடங்கியிருக்க வேண்டும். ‘திருத்தூதர் எழுதிய முதல் திருமணத்திலிருந்து வாசகம்’ என்று மைக்கில் தெளிவாகச் சொன்னாள்.  பிறகு பாடகர் குழுவில் ஆரம்பித்துப் பின்பக்கம்வரை சிரிப்புப் போனது. சாமியாரும் குனிந்துகொண்டார். அக்கா முகம் மாறாமல் முழுவதையும் படித்துவிட்டு இறங்கினாள்.

இந்தக் கதையை முதலில் சொன்னவளே அக்காதான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது உறவினர்கள் கேட்பார்கள். அவளும் சாமியார் குனிந்ததை நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பாள். எழுதட்டுமா என்று கேட்டபோது, ‘எழுதிக்கோ, என்னைக் கொஞ்சம் ஒல்லியாப் போடு’ என்றாள். அதனால் அனுமதி பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

புத்தகம் வந்த முதல் மாதத்தில் வந்த அபிப்பிராயங்களை ஒரு கோப்பில் சேர்த்துவைத்தேன். என்னோடு வேலை பார்த்த ஒரு பிழைதிருத்துநர் பக்க எண்ணோடு பதினான்கு பிழைகளை அனுப்பினார்; புத்தகம் எப்படி என்று சொல்லவில்லை. பாண்டி பஜார் நடைபாதையில் ஒருவர் என்னை நிறுத்தி, மின்சார ரயிலில் படித்துச் சிரித்ததில் மாம்பலத்தில் இறங்காமல் விட்டுவிட்டதாகச் சொல்லிக் கையைக் குலுக்கினார். அடுத்து எப்போது சீரியஸாக ஏதாவது எழுதப் போகிறேன் என்றும் கேட்டார். வலைப்பூவைப் பத்து வருடமாகப் படித்துவரும் ஒருவர், இலவசமாகப் படித்தபோது இன்னும் சிரிப்பு வந்ததாக எழுதினார். அடையாற்றில் இருக்கும் அத்தை மகனுக்குத் தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று வருத்தம். அவர் தம்பிக்கு ஒரு வரி இருந்ததில் வருத்தம். தி. நகரில் எனக்கு இருபது வருடமாகச் சட்டை தைத்துத் தரும் பாய், தன் கடையைப் பற்றிய அத்தியாயத்தை மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ‘ஜனாப், நீங்க சொன்ன மாதிரி நான் அவ்ளோ லேட் பண்ணது இல்ல’ என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சட்டை சொன்ன நாளில் வந்தது.

இவர்கள் எல்லோரும் கடைசியில் ஏழாம் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு பெண் மட்டும், கல்யாணமாகாத ஒருத்தியின் வாய்தவறலை வைத்துச் சிரிப்பது என்ன ரசனை என்று கேட்டு எழுதியிருந்தார். அக்காவே சொல்லிச் சிரித்த கதை என்று நான்கு வரியில் பதில் போட்டேன். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை.

பிறகு அது புத்தகத்தைப் படிக்காதவர்களிடமும் போனது. யாரோ ஒரு இளைஞர் அந்தப் பக்கத்தை மைக் பிடித்து நடித்துக் காட்டிய வீடியோ செல்போன்களில் சுற்றியது. அக்கா வழக்கமாக மீன் வாங்குவது நொச்சிக்குப்பத்தில், சாலையோரம் கடை போடும் ஒரு அம்மாளிடம். அவர் சங்கராவைச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: ‘இன்னா டீச்சர், ஒங்களுக்கு மொதக் கல்யாணம் ஒண்ணு ஆயிகீதாமே. புக்குல போட்டுக்கீறாங்களாம். இத்தினி வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?’

அக்கா இதை என்னிடம் சொன்னபோது நடித்துக் காட்டவில்லை. ‘இல்லம்மா, அது வேறன்னு சொன்னேன். அவ நம்பல. வருத்தப்படாதன்னு ரெண்டு மீன் கூடப் போட்டா,’ என்றாள்.

ஆகவே, கிண்டல்தான் அக்காவை மேடையிலிருந்து இறக்கிவிட்டது என்று முடிவு செய்தேன். சரிசெய்யக் கிளம்பினேன். முதலில், வலைப்பூவிலிருந்து அந்தப் பதிவை நீக்கினேன். நீக்கியது ஏன் என்று கேட்டு நாற்பதுக்கு மேல் பின்னூட்டம் வந்தது. இரண்டு பேர், வாசகர்களின் வசதிக்காக என்று சொல்லி, தாங்கள் சேமித்து வைத்திருந்த பிரதியைத் தங்கள் பக்கத்தில் போட்டார்கள். பதிப்பாளரிடம் போய் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவர் மேசைமேல் இரண்டாம் பதிப்பின் கட்டு பிரிக்காமல் இருந்தது. ‘சார், ஜனங்க அக்கா புக்குன்னு கேட்டுத்தான் வாங்குறாங்க. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?’ என்றார். அவர் என்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை.

அடுத்து பங்குச் சாமியாரிடம் போனேன். இங்கே வந்து ஒரு வருடம் ஆன இளைஞர். அக்காவை எப்படியாவது திரும்ப வாசிக்க வைக்க வேண்டும் என்றும், சபை கொஞ்சம் பக்குவமாக நடந்துகொண்டால் நல்லது என்றும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். புத்தகத்தைத் தான் இன்னும் பார்க்கவில்லை என்றார். ஒரு பிரதி கொடுத்தேன். அடுத்த ஞாயிறு, பூசை முடிவில் அறிவிப்புகளின்போது அதைக் கையில் தூக்கிக் காட்டினார். நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் எழுதியது, எல்லோரும் வாங்கிப் படியுங்கள், ஏழாம் அத்தியாயத்தை நான் இரண்டு முறை படித்தேன் என்றார். நல்லவர். கோயில் சிரித்தது. மூன்று வரிசை முன்னால் அக்காவின் பின்கழுத்து தெரிந்தது. அது அசையவில்லை.

வெளியே வந்ததும், ‘நீ இன்னும் என்னென்ன பண்றதா இருக்க?’ என்று கேட்டாள்.  ‘ஒண்ணும் பண்ணாத,’ என்றாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பாலவாக்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஒரு பெண். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஏழாம் அத்தியாயத்தில் நான் குறிப்பிட்டிருந்த தேதியைப் பார்த்ததும் கத்திவிட்டாராம். அது அவர்களுடைய திருமண வெள்ளி விழா நாள். அப்போது மந்தைவெளியில் வாடகைக்கு இருந்தார்கள், இரண்டே வருடம்தான், பிறகு பாலவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் எழுதியபடியே முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தது தாங்கள்தான் என்றும், விழாவன்று முதல் திருமணம் என்று காதில் விழுந்ததும் தனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்றும், தன் கணவர் மட்டும் சிரிக்காமல் இருந்தார், என்ன என்று கேட்டதற்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றார் என்றும் எழுதியிருந்தார். டீச்சரைப் போன மாதமே கோயிலில் பார்த்துப் பேசிவிட்டாராம். ஒரு நாள் டீச்சர் வாசிக்கும்போது கணவரையும் அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று ஆசை. டீச்சர் தன் முறை எப்போது என்று சொல்லியனுப்புவதாகச் சொன்னவர் இன்னும் சொல்லவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

கூடவே வெள்ளி விழாப் படம் ஒன்று. கேக், மாலை, இரண்டு பேர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசையில் படிப்பார். அக்காவுக்கு இருபத்தாறு வயதில் முதல் ஓலை வாசித்தார்கள். நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பரங்கிமலைப் பக்கம். காரணத்தை எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த மனிதரை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். வலது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு இருக்கும். படத்திலும் இருந்தது.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அக்கா சொன்ன கதையில் தேதி இல்லை. வெள்ளி விழாவும் இல்லை. ஒரு ஞாயிறு என்றுதான் சொல்வாள். அதைப் புத்தகத்துக்காகத் திருத்தும்போது எனக்கு ஒரு ஞாயிறு என்பது போதவில்லை. பங்கு அலுவலகத்துக்குப் போய்ப் பழைய மடல்களைப் புரட்டினேன். எந்த ஆண்டு, எந்த வாசகம், அன்று யார் முறை என்று ஒரு பிற்பகல் முழுவதும் தேடிச் சரியான நாளைப் பிடித்தேன். அதே பக்கத்தில், அன்றைய பூசை யார் யாருக்காக என்று சொல்லும் கருத்துகளின் கீழ், வெள்ளி விழா காணும் ஒரு தம்பதியின் பெயர்கள் இருந்தன. கணவருடையது இந்த ஊர்க் கோயில்களில் ஐந்தில் ஒருவருக்கு இருக்கிற பெயர். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெள்ளி விழா நாளில் முதல் திருமணம் என்பது கதைக்கு நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றியது. முன்வரிசை, மாலை எல்லாம் நான் ஊகித்துச் சேர்த்தவை. அவையும் சரியாக இருந்திருக்கின்றன.

புதன்கிழமை காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போனேன். மின்னஞ்சலைக் காகிதத்தில் எடுத்துப் போயிருந்தேன். அவள் நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு நான்காக மடித்து என்னிடம் கொடுத்தாள்.

‘போட்டோ அனுப்பியிருக்காங்களா?’

‘ஆமா.’

‘எனக்குக் காட்டாத.’

வீடியோ பார்த்த பிள்ளைகள் சிரிப்பதால் வாசிப்பதை நிறுத்திவிட்டாள் என்று நினைத்ததாகச் சொன்னேன்.

‘பிள்ளைங்க சிரிச்சா என்ன. நானே எத்தனை வாட்டி சொல்லிச் சிரிச்சிருக்கேன்,’ என்றாள். ‘அன்னைக்குப் பூசைக்கு முன்னாடி கருத்து வாசிக்கும்போதுதான் பேர் காதுல விழுந்துது. திரும்பிப் பார்த்தேன். அப்புறம் மேல ஏறினேன். அதைச் சிரிப்பா மாத்திக்கிறதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.’

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

‘வெள்ளி விழான்னு உனக்கு யாருடா சொன்னது?’

‘பழைய மடல்ல இருந்துது.’

‘நான் சொன்னேனா?’

‘இல்லக்கா.’

‘அப்ப ஏன் போட்ட?’

‘சேர்த்தா நல்லா இருந்துது.’

அவள் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அது துடைத்துத்தான் இருந்தது. அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றாள். கோயில் வாசலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க வாய்முகூர்த்தம் எங்களுக்கு நாற்பது வருஷம் தாண்டிடுச்சு என்று சொன்னாளாம். நல்ல மனுஷி என்றாள். அக்காவின் முறை என்றைக்கு என்று தெரிந்தால் அவர்கள் வருவார்கள். அவர் முன்வரிசையில் உட்காருவார். ஆகவே, முறை இருக்கக் கூடாது. சாமியாரிடம் போய், யாரிடமும் சொல்லாமல் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாள்.

நான் அந்தம்மாவிடம் பேசிப் பார்க்கட்டுமா என்றேன்.

‘என்னன்னு சொல்லுவ?’

யோசித்தேன். எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் அது ஓலைக்கே போனது. ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லலாம். திரும்பி வருவது எப்போது என்று கேட்பார். கோபமாக இருக்கிறாள் என்று சொல்லலாம். மன்னிப்புக் கேட்க வருவார். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் எழுத்திலிருந்து வரிகளை வெட்டியவன் நான். இந்த ஒரு வரியை எங்கிருந்தும் வெட்ட முடியவில்லை. இரண்டாம் பதிப்பு கடைகளுக்குப் போயிருந்தது.

மின்னஞ்சலுக்கு இரண்டு வரியில் பதில் எழுதினேன். முறைகளைச் சாமியார் மாற்றிக்கொண்டிருக்கிறார், எனக்குச் சரியாகத் தெரியாது என்றேன். அவர் உடனே பதில் போட்டார். பரவாயில்லை, இந்த ஞாயிறு சும்மாவே வருகிறோம், வாசிக்காவிட்டால் பார்த்துவிட்டாவது போகிறோம் என்று.

அக்காவிடம் சொன்னேன். அன்று வேறு கோயிலுக்குப் போய்விடலாமே என்றும் சொன்னேன். ‘இது என் கோயில்டா,’ என்றாள்.

ஞாயிறு மஞ்சள் துப்பட்டாப் பெண்ணே வாசித்தாள். இந்தத் தடவை மைக் சரியாக இருந்தது. பூசை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது அந்த அம்மாள் படிக்கட்டின் கீழே நின்றிருந்தார். பட்டுப் புடவை, கையில் புத்தகம், அதற்குள் அடையாளத்துக்கு ஒரு பேனா. ‘டீச்சர், வண்டி நிறுத்த இடமே கிடைக்கல. அவர் வண்டிக்குள்ளயே உக்காந்திருக்கார். நீ போய்ட்டு வா, நான் வண்டியைப் பார்த்துக்கிறேன்னுட்டார்,’ என்றார். தெருவின் எதிர்ப்பக்கம், இளநீர் வண்டிக்குப் பின்னால், ஒரு வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் காருக்கு அந்தப் பக்கம் இரண்டு கார் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

அந்த அம்மாள் ஏழாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அக்கா முதலில் போட்டாள். அதன் கீழே நான் போட்டேன். அவர் ஊதி மையை உலர்த்தினார்.

‘இன்னைக்கும் நீங்க வாசிக்கலையே. எப்பதான் முறை?’

‘நான் இப்ப வாசிக்கிறதில்லைங்க,’ என்றாள் அக்கா. ‘பேரை எடுத்துட்டாங்க. கண்ணு சரியாத் தெரியல.’

அந்த அம்மாளின் முகம் உண்மையாகவே வாடியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் கணவருக்குத் தெரிந்த கண் மருத்துவர் ஒருவர் இருக்கிறார், அவரே போன் செய்து நேரம் வாங்கித் தருவார், இதை அவரிடம் இன்றைக்கே சொல்கிறேன் என்றார். கைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து, பின்பக்கத்தில் கணவரின் செல்போன் எண்ணை எழுதி அக்காவிடம் கொடுத்தார். அக்கா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து ஒரு வருடம் ஆகிறது. நாளிதழின் வரி விளம்பரங்களைக் கண்ணாடி போடாமல் படிக்கிறாள்.